சிதம்பரத்தோடு நின்ற நடைப்பயணம்

1

இந்நேரம் கடலூர் – சிதம்பரம் சாலை காவி நிறமாகியிருக்கும். ஆகஸ்ட் கடைசி வாரம். மாதா சொரூபம் வைத்த வண்டி முன்னால் போக, அதில் கட்டிய ஒலிபெருக்கி ஜெபமாலை சொல்ல, காவி உடுத்திய கூட்டம் வேளாங்கண்ணியை நோக்கி வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதில் பாதிப் பேர் இந்துக்கள்.

நான் இருக்கும் ஊரில் மழை பெய்கிறது. அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் ஒரு சிறிய ஊர். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் தாஸுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். "குழம்பு இருக்கு", "குடை எடுத்துக்கிட்டீங்களா" என்ற அளவில் எங்கள் குடும்ப வாழ்க்கை வாசற்படியிலேயே நடந்துவிடுகிறது. மகள் ஷெரினுக்குப் பதினான்கு வயது. அவளுக்கு அவள் அறை இருக்கிறது, அறைக்குக் கதவு இருக்கிறது.

போன வருடம் இதே வாரம் நானும் அந்தச் சாலையில் நடந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு ஒரு வருடம் என் தங்கை ரீட்டா என்னோடு பேசவில்லை. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அந்த வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோசை சுட்டேன், அது அடிக்கவில்லை. ஊரில் என்னைப் பற்றி ஆளுக்கொன்று பேசுகிறார்களாம். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்தேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

இங்கே ஞாயிறு பூசை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் ஆளாளுக்குக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். நம் ஊரில் பூசை முடிந்த பிறகுதான் கோயில் வாசலில் உண்மையான பூசையே தொடங்கும். யார் வீட்டில் பெண் பார்த்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது என்று மதியம் வரை ஓடும். ஆறு வருடம் பொறுத்துப் பார்த்தேன். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தர ஆள் தேவை என்று சாமியார் அறிவித்தபோது கையைத் தூக்கிவிட்டேன். பக்தி பாதி, பேச ஆள் கிடைப்பார்கள் என்ற ஆசை பாதி.

தூக்கிய கையில் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து குடியிருந்த முகவரிகள் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண், அதற்கும் பிந்திய எண் என்று நகராட்சி மாற்றிக்கொண்டே இருந்ததை இந்த நாட்டு அலுவலகத்துக்கு எப்படி விளக்குவது? போதாததற்கு, இந்தியாவில் நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று இந்தியப் போலீஸ் எழுதித்தர வேண்டும். தூதரகத்துக்கு மனுப் போட்டேன். பதில் வர மாதக்கணக்கானது.

அதற்குள் ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பாலியல் தொந்தரவிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்ற பயிற்சி. கோயிலில் பூ அலங்காரம் செய்கிறவர் உட்பட யாருக்கும் விலக்கு இல்லை. இந்த நாட்டுத் திருச்சபை தன் பிள்ளைகளைக் காக்கத் தவறிய கதைகள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். வயதான ஆண்கள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் செய்த பாவத்துக்கு நான் எதற்கு வகுப்பில் உட்கார வேண்டும் என்றுதான் போனேன்.

பயிற்சி கொடுத்தவர் மோரா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. உங்கள் ஊர்க் கோயிலில் பிள்ளைகள் இரவு தங்கும்படி வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேளாங்கண்ணி நடைப்பயணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். தாய் தகப்பன் இல்லாமல் வரும் பிள்ளைகளைக் குழுவின் தலைவர் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வார், மண்டபத்தில் தங்கினால் அவர்களுக்கென்று தனி அறை, கதவெல்லாம் இருக்கும், அவரும் அங்கேயே படுத்துக்கொள்வார் என்றேன்.

அறை அமைதியாகிவிட்டது. என் ஆங்கிலத்தில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை மெதுவாகச் சொன்னேன்.

"புரிந்தது. அவரோடு வேறு பெரியவர் யாராவது இருப்பார்களா?" என்று மோரா கேட்டார்.

"எதற்கு? அவர் நல்லவர்."

"நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்" என்றார் அவர். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

மற்றபடி அவர் சொன்னது சுருக்கம்தான். ஒரு பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்களாக ஊகித்ததை அதன் வாயில் திணிக்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். நான் வாயாடி. இதில் முதல் பாடமே எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

3

போன வருடம் ஜூலையில் என் நற்சான்று மனு ஒருவழியாகக் கடலூரைச் சென்றடைந்தது. ஒரு போலீஸ்காரர் ரீட்டாவின் வீட்டு வாசலில் போய் நின்று என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். தெருவே கூடிவிட்டது. அந்த ஞாயிறு போனை எடுத்ததுமே ரீட்டா பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, அங்க உம்மேல என்னா கேஸு? மறைக்காம சொல்லு."

"கேஸ் இல்லடி. கோயில்ல புள்ளைங்களுக்கு ஜெபம் சொல்லித்தரப் போறேன். அதுக்குக் கேக்குறாங்க."

"ஜெபம் சொல்லித்தர போலீஸ் சர்டிபிகேட்டா? நல்லா இருக்கு உங்க ஊரு ஞாயம்." சிரித்துவிட்டு உடனே குரலை மாற்றினாள். "அதெல்லாம் கெடக்கட்டும். இங்க உன் ஞானப்புள்ள நடக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீயாவது சொல்லு."

ஞானப்பிள்ளை என்றால் ரீட்டாவின் மகள் ஜெனிட்டா. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான். அவள் நடக்க மறுப்பது சாதாரண விஷயம் இல்லை. சுனாமி வந்த அன்று, ஐந்து வயதுப் பிள்ளையாக, பக்கத்து வீட்டுக்காரர்களோடு கடற்கரைக்குப் போயிருந்தாள். மத்தியானம் வரை கிடைக்கவில்லை. யாரோ ஒருவருடைய மாடியிலிருந்து ஒரு கீறல்கூட இல்லாமல் அவளை இறக்கிக் கொண்டுவந்தார்கள். ரீட்டா தெருவிலேயே மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். இவளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் வருடா வருடம் உன் கோயிலுக்கு நடந்து வருவாள், தாயே. வேண்டுதலை நிறுத்தினால் கொடுத்த பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்ற பயம் என் தங்கைக்கு அன்றிலிருந்து இருந்தது. கொஞ்ச காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டும், பிறகு கையைப் பிடித்துக்கொண்டும் தானும் நடந்தாள். முட்டியில் நீர் கோத்துக்கொண்ட பிறகு, முந்தின வருடம் முதல் தடவையாக ஜெனிட்டாவைத் தனியாக அனுப்பினாள். அனுப்பியது குழுத் தலைவர் பொறுப்பில். எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள். பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுபவர். ரீட்டாவின் கணவர் சவரிக்குச் சித்தப்பா முறை.

"ஏன் மாட்டேங்கிறா, கேட்டியா?"

"கால் வலிக்குமாம். பொய்யிக்கா. போன வருசம் போயிட்டு வந்ததுலேருந்தே இவ சரியில்ல. கோயில்ல பாட்டு பாடப் போறதில்ல. கேப்டன் மாமா வீட்டுக்கு வந்தா ஒரு வணக்கம் கெடையாது, மாடிக்கு ஓடிடுறா. வரவர மரியாதையே இல்ல."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன். மோராவின் அந்த அறையும் அதன் அமைதியும் என் முன்னால் வந்து நின்றன. மனதில் பட்டதை ரீட்டாவிடம் சொன்னேன். எவ்வளவோ பதமாகத்தான் சொன்னேன்.

ரீட்டா சீறினாள். "அந்த ஊருக்குப் போயி உனக்குப் புத்தி கெட்டுப்போச்சுக்கா. யாரப் பாத்தாலும் சந்தேகம். அவுரு எங்க மாமா. இன்னொரு தடவ இப்படிப் பேசாத."

போனை வைத்துவிட்டாள்.

4

மறுநாள் மோராவைப் பார்த்துக் கேட்டேன். உனக்கு எதுவும் தெரியாது, தெரிந்ததுபோல அவளைத் துருவாதே, ஆனால் அவள் அந்த ஆளோடு போகாமல் பார்த்துக்கொள், முதல் வேலை அதுதான் என்றார்.

எங்கள் கடலூர் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். சிறுமியின் பெயரால் செய்த வேண்டுதலைத் தளர்த்தத் திருச்சபையில் வழி இருக்கிறது, நானே செய்து வைக்கிறேன் என்று ரீட்டாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் இருக்கிறார். ரீட்டா அவருக்குக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்: "நீங்க விடலாம் பாதர். மாதா விடணுமில்ல."

என் தங்கையை எனக்குத் தெரியும். அவளோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அவள் நம்புகிற வழியில்தான் அவளிடம் போக முடியும். ஞானஸ்நானத்தின்போது சாமியார் குழந்தையைப் பார்த்துத்தான் கேட்கிறார், சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று. குழந்தைக்குப் பேச்சு வராது. அதன் இடத்தில் நின்று விட்டுவிடுகிறேன் என்று ஞானத்தாய்தான் பதில் சொல்கிறாள். கடவுளே ஒத்துக்கொண்ட ஆள்மாற்றம் அது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். யார் இந்த ஜெனிட்டா என்று ஷெரின் கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஞாபகம் இல்லை.

கடலூர் வீட்டுக் கூடத்தில் ரீட்டாவிடம் சொன்னேன். "அவளுக்கு வாய் இல்லாதப்போ அவளுக்காக நான் பேசுனேன். இந்த வருசம் அவளுக்குக் கால் இல்லன்னு வச்சுக்க. அவ எடத்துல நான் நடக்குறேன்."

ரீட்டா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜெனிட்டா சமையலறைக் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியாக உயர்ந்திருந்தாள். நான் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் ஆயுளில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியதில்லை. "எனக்குக் காரணம் தெரிய வேணாம். எப்பவாச்சும் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு, கேக்குறேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் காவிப் புடவையின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

5

காலைப் பூசை முடிந்து புறப்பட்டோம். ரசாயனத் தொழிற்சாலைகளின் நெடியைத் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டிப் போனோம். வழியெல்லாம் பந்தல் போட்டு மோர் கொடுத்தார்கள். பாதம் பழக்கம் விட்டுப்போயிருந்தது, தார் சுட்டது. கொப்புளம் வந்தவர்களுக்கு மருந்து போட்டுவிட்டேன். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் நான் வெளியூர்க்காரியாகத்தான் இருந்தேன். "அயர்லாந்துல குளுரு ஜாஸ்தியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அவரவர் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். எந்தக் கூட்டத்துக்காக அங்கே இத்தனை வருடம் ஏங்கினேனோ, அதன் நடுவில் தனியாக நடந்தேன்.

கேப்டனைக் கவனித்துக்கொண்டே வந்தேன். விசிலை ஊதி லாரிகளை நிறுத்தினார். நடக்க முடியாத பெண்ணொருத்தியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகே தான் குடித்தார். நல்லவர்கள் என்னென்ன செய்வார்களோ எல்லாம் செய்தார். எனக்குக் குழம்பிவிட்டது. ரீட்டா சொன்னதுபோல என் புத்திதான் கெட்டுவிட்டதோ என்று ஒரு பொழுது முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன்.

முதல் நாள் புதுச்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். பெண்களையும் பிள்ளைகளையும் ஒரே வகுப்பறையில் விட்டார்கள். மறுநாள் மதியம் சிதம்பரம் சேர்ந்தோம். அங்கே தங்கல் ஒரு கல்யாண மண்டபத்தில்.

சொரூபத்தை மேடையில் இறக்கி வைத்தார்கள். பெண்கள் ஹாலின் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். துணையில்லாமல் வந்த பிள்ளைகளை எல்லாம் கேப்டன் மேடைக்குப் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை ரூமுக்கு அனுப்பினார். அதில்தான் மின்விசிறி நன்றாகச் சுற்றும். கதவும் உண்டு. நான் என் பாயை எடுத்துக்கொண்டு போய் அந்த ரூமில் விரித்தேன்.

"சிஸ்டர், இது புள்ளைங்க ரூம். லேடீஸ் எல்லாம் ஹால்ல" என்றார் வாசலில் நின்று.

"நான் ஜெனிட்டாவுக்குப் பதிலா வந்திருக்கேன் மாமா. போன வருசம் அவ எங்க படுத்தாளோ அதான் எனக்கும் எடம்."

கழுத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்க்காத இடத்தையும் துடைத்தார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. இரண்டு நாளாக ஒரு இடத்தில் உட்காராத மனிதர், வெளியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வந்து சேர்ந்த தகவல் சொல்ல வீட்டுக்குப் போன் போட்டேன். ஜெனிட்டாதான் எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க பெரிம்மா?"

"சிதம்பரம். மண்டபத்துல."

"மண்டபத்துல எங்க?"

"மாப்பிள்ள ரூம்ல. பாய் விரிச்சிட்டேன்."

அவள் மூச்சு கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

"அங்க படுக்காதீங்க பெரிம்மா."

அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் கதவுல தாப்பா மேல இருக்கு. எனக்கு எட்டல" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். தாழ்ப்பாள் உயரத்தில்தான் இருந்தது. பிள்ளைகள் பாயில் படுத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் உன்ன நம்புறேன் கண்ணு. உம்மேல ஒரு தப்பும் இல்ல. இத நான் பாதர்கிட்ட சொல்லணும், அம்மாகிட்டயும் சொல்லணும். இதோ வர்றேன்."

"வேண்டுதல்?"

"அத நான் பாத்துக்கறேன்."

ஹாலிலிருந்து இரண்டு தாய்மாரைக் கூப்பிட்டு, நான் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் இந்த ரூமை விட்டு நகரக் கூடாது என்று சொல்லி உட்காரவைத்தேன். சாமியாருக்குப் போன் செய்தேன். கடலூரிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வந்துசேர்ந்தார். கேப்டனைத் தனியே கூப்பிட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மிச்ச தூரம் குழுவோடு தானே நடப்பதாகச் சொன்னார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். காவிப் புடவையைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "வேளாங்கண்ணி பஸ்ஸு அந்தப் பக்கம்மா. இது கடலூர் போறது" என்றார் கண்டக்டர். தெரியும் என்றேன். ஊர் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

6

அன்று சாயங்காலமும் அதற்கடுத்த நாட்களிலும் ஜெனிட்டா சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது. இவ்வளவை எழுதவும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரீட்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சவரி, போலீஸ் வேண்டாம் என்றார். பெண்ணின் பெயர் கெட்டுவிடும், யார் கட்டுவார்கள் என்றார். என் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரியும். அன்று எனக்கே தெரியாத வார்த்தைகளை எல்லாம் பேசினேன். சாமியார் பயணத்தை முடித்துத் திரும்பியதும் வந்து, நானும் கூட வருகிறேன் என்று சவரியின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் சவரியே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது, நத்தைக்குத் தெரிந்த வேகத்தில். சவரியின் சொந்தங்கள் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. கோயிலில் அவர்கள் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்காருவதில்லையாம்.

நான் கிளம்பும் நாளில் ரீட்டா வாசல் வரை வந்தாள். "சிதம்பரத்தோட நிறுத்திட்டியே" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

வேண்டுதல் பாதியில் நின்றுபோன கோபம் என்றே ஒரு வருடமாக நினைத்திருந்தேன். கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இங்கே என் நற்சான்று வந்துசேர்ந்தது. என்மீது பாதகமான தகவல் எதுவும் இல்லையாம். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தருகிறேன். அறையில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார், கதவு திறந்தே இருக்கிறது. முதலில் அவமானமாக நினைத்த அந்த இன்னொருவரோடு இப்போது பேச்சு வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. ரீட்டாவிடம் சொல்ல வேண்டியவை வாரத்துக்கு வாரம் சேர்ந்துகொண்டே இருந்தன. புளி தீர்ந்துபோனதிலிருந்து தாஸின் இருமல் வரை, எல்லாம் சின்னச் சின்னதுதான். சொல்ல ஆள் இல்லாவிட்டால் சின்ன விஷயம்கூட நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது.

7

போன ஞாயிறு போன் அடித்தது. ஜெனிட்டா.

"பெரிம்மா, கோயில்ல மீட்டிங் நடந்துச்சு. நீங்க அங்க போனீங்களே, அது மாதிரி."

இந்த வருட நடைப்பயணத்துக்கு முன்னால் சாமியார் ஏற்பாடு செய்திருக்கிறார். பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் எல்லாரும் வந்தே ஆக வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி வந்து பேசினாராம். கேப்டனின் சொந்தக்காரர்கள் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்களாம். ரீட்டா கடைசி வரிசையில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

உங்கள் பிள்ளைக்கு ஏதாவது என்றால் முதலில் யாரிடம் சொல்லும் என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். எல்லாத் தாய்மாரும் ஒரே குரலில், எங்ககிட்டதான் சிஸ்டர் என்றார்களாம்.

"அப்ப அம்மா எந்திரிச்சாங்க பெரிம்மா."

"எந்திரிச்சு?"

"எம் பொண்ணு என்கிட்ட சொல்லல சிஸ்டர்னாங்க. எங்கக்காகிட்டதான் சொன்னா, நான் கேட்டிருக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, மாட்டேன்னு சொல்லச் சொல்ல நான்தான் அவளத் திட்டுனேன், அவ சொல்றது நெசம், என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவேன்னாங்க. முன்னாடி இருந்தவங்கல்லாம் எந்திரிச்சி வெளிய போயிட்டாங்க. அம்மா உக்காரவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பக்கத்துலேருந்து இன்னொரு அம்மா எந்திரிச்சாங்க. அவுங்க ஒண்ணும் பேசல. சும்மா நின்னாங்க. அழுதாங்க."

இத்தனை நாள் ரீட்டாவைத் தின்றது வேண்டுதல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தான் பெற்ற பிள்ளை தன்னைத் தாண்டி இன்னொருத்தியிடம் போயிற்றே என்ற வலி. என் குரலைக் கேட்டால் அது ஞாபகம் வரும். அதனால்தான் கேட்காமல் இருந்திருக்கிறாள். அந்த வலியை அவளுக்குக் கொடுத்தது நான்தான். வேறு வழியும் எனக்கு இருக்கவில்லை.

"அம்மா எங்க இப்ப?"

"பக்கத்துலதான் இருக்காங்க. போன் வேணாமாம்."

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள். கடலூர் வீட்டின் மின்விசிறிச் சத்தம் கேட்டது. ஏதோ பாத்திரத்தை யாரோ மெதுவாக வைக்கும் சத்தம். தாஸிடம்கூடச் சொல்லாத ஒன்றை அந்தச் சத்தத்திடம் சொன்னேன்.

"ரீட்டா, ஊர்லேருந்து வந்ததும் ஷெரின்கிட்ட கேட்டேன். உனக்கு ஏதாச்சும்னா யார்கிட்ட சொல்லுவேன்னு. டீச்சர்கிட்டன்னா. அப்புறம் ப்ரெண்டோட அம்மாகிட்டயாம். நான் இன்னொரு தடவ கேட்டேன். நான் அந்தக் கணக்குலயே இல்லடி."

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"நீ கத்துவ இல்ல. அதான் பயந்திருப்பா" என்றாள் ரீட்டா.

ஒரு வருடத்துக்குப் பிறகு என் தங்கை என்னிடம் பேசியது அது. ஆமாம் கத்துவேன் என்றேன். போனை யாரும் வைக்கவில்லை.